கருப்பம்மாவின் சாவி

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று சொன்னவன் எவனோ, அவன் கையில் கொஞ்சம் காசு இருந்திருக்க வேண்டும். எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் முப்பது வருஷம் கிடந்துவிட்டு, ஐம்பத்தெட்டு வயதில் சாமானைத் தூக்கிக்கொண்டு வெளியே போ என்று சொல்லப்பட்டவர்களிடம் அவன் பேசிப் பார்த்திருக்க மாட்டான். நான் பேசியிருக்கிறேன். பேசியது மட்டுமா, வெளியே போகச் சொல்லும் அந்தக் கடிதங்களை டைப் அடித்ததே நான்தான்.

கரும்பாறை எஸ்டேட் குன்னூரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். அங்கே நான் செக்ரோல் கிளார்க். யார் எத்தனை நாள் வேலைக்கு வந்தார்கள், எத்தனை கிலோ கொழுந்து பறித்தார்கள் என்று எழுதும் புத்தகம்தான் செக்ரோல். சோமனூரில் பி.காம். முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் மலையேறியவன். பேர் தரணிதரன். பேண்ட் போட்டவன் என்ற ஒரே தகுதியில் லயத்து ஜனங்கள் என்னைக் 'கிளாக்கரய்யா' என்று கூப்பிடுவார்கள். அந்த மரியாதையில் நானும் கொஞ்சம் மிதந்துகொண்டுதான் இருந்தேன். ஒன்றாம் தேதி சம்பளம், பத்தாம் தேதிக்குள் காலி. சேமிப்பு என்று என்னிடம் இருந்தது ஒரு இன்சூரன்ஸ் பாலிசி. அதுவும் தவணை கட்டாமல் செத்துப்போயிருந்தது.

கருப்பம்மாக்கா அப்படி இல்லை. பதுளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து, எழுபத்தொன்றில் கப்பலேறி இந்தியா வந்து, வந்த வருஷமே கரும்பாறையில் கொழுந்துக் கூடையை மாட்டியவர். புருஷன் நெஞ்சுவலியில் போய்ப் பன்னிரண்டு வருஷம். ஒரே மகள் ராஜகுமாரி திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிறாள்; அவளும் வாடகை வீட்டில்தான் இருக்கிறாள். அக்கா ஐந்தாம் லயத்தில் ஒற்றை அறையில் தனியாக இருந்தார். அதை அறை என்று சொல்ல மாட்டார். சிலோன் பேச்சில் 'காம்பரா' என்பார்.

அவர் காசு சேர்த்த விதத்தைச் சொல்லியாக வேண்டும். எங்கள் எஸ்டேட்டில் ஒரு நாள் சம்பளத்துக்குப் பதினாறு கிலோ கொழுந்து பறிக்க வேண்டும். அதற்கு மேல் பறிக்கிற ஒவ்வொரு கிலோவுக்கும் அறுபது பைசா தனியாக உண்டு. அதற்கு ஓவர் கிலோ என்று பேர். மற்றவர்களுக்கு ஓவர் கிலோ காசு என்றால் ஞாயிற்றுக்கிழமைக் கறி, வெற்றிலை பாக்கு, வருஷத்துக்கு ஒரு தடவை பிள்ளைகளோடு ஊட்டி மலர்க் காட்சி. அக்காவுக்கு அது வீடு. சம்பளத்தில் சாப்பாடு, ஓவர் கிலோவில் வீடு. ஒன்று இன்னொன்றைத் தொடக் கூடாது. மாதக் கடைசியில் வெறும் கஞ்சி குடித்த நாட்களிலும் தபால் ஆபீஸ் பாஸ்புக்கை அவர் எடுத்ததில்லை. புருஷன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பி.எஃப். பணத்தில் கை வைத்தார். மகள் கல்யாணத்துக்கும் அதிலேயே கை வைத்தார். பாஸ்புக் பெட்டிக்குள்ளேயே கிடந்தது.

சிறுகக் கட்டிப் பெருக வாழ் என்பார்கள். அக்கா பைசா பைசாவாகக் கட்டினார். கொழுந்து கொழிக்கிற மாதங்களில் நாற்பது கிலோ கூடப் போடுவார். நிறுக்கும்போது மற்றவர்கள் தராசு முள்ளைப் பார்ப்பார்கள். இவர் என் பேனாவைத்தான் பார்ப்பார். எழுதத் தெரியாதவர், ஆனால் எண் தெரியும். ஒரு தடவை இருபத்தெட்டு என்பதை இருபத்தாறு என்று எழுதிவிட்டேன். மூன்று நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு ரூபாய் இருபது பைசாவுக்கு இந்தக் கிழவி இந்தப் பாடு படுத்துகிறாளே என்று எனக்கு ஆத்திரம் வந்தது. ஆத்திரப்பட்டவனிடம் அன்றைக்கு ஒரு ரூபாய் இருபது பைசாகூட இல்லை என்பது வேறு விஷயம்.

2001-ஆம் வருஷத் தொடக்கத்தில் பாஸ்புக்கில் இருபத்தோராயிரத்து அறுநூறு ரூபாய் இருந்தது. அக்கா கணக்குப்படி ரிடையர் ஆக இன்னும் நாலு வருஷம். அதற்குள் முப்பதாயிரம் ஆகும், கிராஜுவிட்டி வரும், மிச்சம் மீதி பி.எஃப். வரும், சின்னதாக ஒரு வீட்டை வாங்கிவிடலாம். கணக்கில் தப்பே இல்லை.

தேயிலைக்குச் சனி பிடித்த நேரம் அது. ஏலத்தில் எழுபது ரூபாய்க்குப் போன தூளை நாற்பதுக்குக் கேட்க ஆள் இல்லை. பச்சை இலை கிலோ நாலு ரூபாய்க்கு வந்தது. அருவங்காட்டு வெடிமருந்து பேக்டரியில் வேலை பார்க்கிறவன் தப்பித்தான், தேயிலையை நம்பிய அத்தனை பேரும் தவித்தார்கள். கரும்பாறையில் வாரத்துக்கு நாலு நாள்தான் வேலை என்று நோட்டீஸ் ஒட்டினோம். அதே நோட்டீஸில் கடைசி வரி: ஓவர் கிலோ இன்றுமுதல் நிறுத்தப்படுகிறது. பறித்ததையே விற்க முடியாதபோது அதிகமாகப் பறிக்கச் சொல்லி யார் காசு கொடுப்பார்கள்? அன்றோடு பாஸ்புக்கில் வரவு நின்றது.

ஜூன் மாதம் ஹெட் கிளார்க் லூயிஸ் என்னிடம் ரிடையர் ஆகிறவர்களின் பட்டியலைக் கொடுத்து டைப் அடிக்கச் சொன்னார். மூன்றாவது பேர் கருப்பம்மா. பிறந்த வருஷம் 1943. ஓய்வு பெறும் நாள் 30 செப்டம்பர் 2001. அடித்தேன். கையெழுத்து வாங்கினேன். கொழுந்து நிறுக்கிற கொட்டகையில் வைத்து அவரிடம் கொடுத்து நானே படித்தும் காட்டினேன்.

அவர் கூடையை இறக்கி வைத்தார். "நான் பொறந்தது நாப்பத்தேழுல கிளாக்கரய்யா. இந்தியாவுக்குச் சொதந்திரம் கெடச்ச வருசம்னு எங்கப்பா சொல்லுவாரு."

எங்கள் புத்தகத்தில் நாற்பத்து மூன்று. அவருடைய குடும்ப அட்டையிலும் அதுதான், சிலோனிலிருந்து வந்த பாஸ்போர்ட்டிலும் அதுதான். எப்படி வந்தது என்று அவரே சொன்னார். பத்து வயதுப் பிள்ளைக்குப் பதுளைத் தோட்டத்தில் பேர் போட மாட்டார்கள். பேர் என்றால் அவர்கள் பேச்சில் ஒரு நாள் வேலை, ஒரு நாள் கூலி. வீட்டில் ஆறு வாய். அதனால் அப்பா மகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பதினாலு வயது என்று கங்காணியிடம் சொல்லிவிட்டார். ஆள் கொஞ்சம் உயரம், நம்பிவிட்டார்கள். அன்றைக்கு அது குடும்பத்துக்குச் சோறு போட்டது. தோட்டத்துப் புத்தகத்தில் ஏறிய வயது பாஸ்போர்ட்டுக்குப் போனது, கடல் தாண்டி வந்தது, கரும்பாறை செக்ரோலில் உட்கார்ந்தது. நாற்பத்து நாலு வருஷம் கழித்து நான் அதை டைப் அடித்தேன்.

"அன்னைக்கி எங்கப்பா வாங்குன நாலு வருசத்த இன்னைக்கித் திருப்பிக் கேக்குறாங்க" என்றார். அழவில்லை. கூடையை மாட்டிக்கொண்டு திரும்பவும் மலைக்குப் போனார்.

எல்லோரும் ஒரே யோசனை சொன்னார்கள்: விடாதே, சண்டை போடு. யூனியன்காரர் டாக்டர் சர்ட்டிபிகேட் வாங்கலாம் என்றார். நானும் கேஸ் போட்டால் நிற்கும் என்று பெரிய மனிதத் தோரணையில் சொன்னேன். மூன்றாம் நாள் அக்கா ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தார்.

"நாலு வருசம் கழிச்சு இந்தத் தோட்டம் இருக்குமா?"

விறகுக்காரனுக்கு ஆறு மாதப் பாக்கி. கரண்ட் பில் இரண்டு மாதம் கட்டவில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும், வெளியே சொல்லக் கூடாது. அவர் நான் சொல்வதற்குக் காத்திருக்கவும் இல்லை. பேக்டரிப் புகைக்கூண்டில் வாரத்துக்கு எத்தனை நாள் புகை வருகிறது என்று மலை மேலிருந்து தினமும் பார்த்து எண்ணியிருக்கிறார். போன வருஷம் ஆறு நாள், இப்போது மூன்று. கஜானா முழுக்கக் காலியாகும் முன்னால் கிராஜுவிட்டியை வாங்கிக்கொண்டு போவதுதான் புத்தி என்று முடிவு கட்டிவிட்டார். "பொய் வயசோ மெய் வயசோ, அதுவே இருந்துட்டுப் போகட்டும்." பி.காம். படித்த எனக்கு அது தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது.

வீட்டையும் அவரே தேடிப் பிடித்தார். அருவங்காட்டுக்கு மேலே சரிவில் இரண்டு அறை, ஓட்டுக் கூரை, வெளியே குழாய், பட்டா உண்டு. சொந்தக்காரர் மயில்சாமி, அன்னூர்க்காரர், குன்னூரில் மளிகைக் கடை வைத்திருந்தார். தேயிலை விழுந்ததும் அவருடைய கடன் நோட்டு வசூலாகாமல் தடித்துப்போக, கடையை மூடிவிட்டு ஊருக்கே போகிற ஏற்பாட்டில் இருந்தார். விலை அறுபத்தைந்தாயிரம். அட்வான்ஸ் பத்தாயிரத்தைப் பாஸ்புக்கிலிருந்து எடுத்துக் கொடுத்தார் அக்கா. பாஸ்புக் போட்ட பதினாலு வருஷத்தில் முதல் தடவையாக எடுக்கிறார். தபால் ஆபீஸ்காரர் பணம் எடுக்கிற பாரத்தைத் தேட வேண்டியிருந்ததாம்.

மீதி ஐம்பத்தையாயிரம், அக்டோபர் பன்னிரண்டாம் தேதிக்குள். தேதி தாண்டினால் அட்வான்ஸ் போச்சு என்று முத்திரைத்தாளில் எழுதியிருந்தது. சாட்சிக் கையெழுத்து நான் போட்டேன். மயில்சாமி கெட்டவர் இல்லை. அவருக்கும் அன்னூரில் கட்ட வேண்டிய கடன் இருந்தது. "ஏனுங்க, நான் ஒளிச்சுப் பேசலீங்க. எழுவதாயிரத்துக்குக் கேக்கற ஆள் ஒண்ணு இருக்குது. அம்மாவுக்கு வாக்குக் குடுத்ததால நிக்கறேன். அந்தத் தேதி வரைக்கும்தானுங்க" என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

பாஸ்புக்கில் பதினோராயிரத்து அறுநூறு. வீடு வாங்க என்று எழுதிக் கொடுத்து எடுத்த பி.எஃப். மிச்சம் பன்னிரண்டாயிரம். கிராஜுவிட்டி முப்பத்திரண்டாயிரத்து நானூறு. கூட்டினால் ஐம்பத்தாறாயிரம். ஆயிரம் ரூபாய் மிச்சம், அது சாமான் ஏற்றும் வண்டிக்கு. பத்திரச் செலவுக்குக் காதுத் தோடு. எல்லாம் வந்து பொருந்திவிட்டது, கிராஜுவிட்டி மட்டும் கைக்கு வர வேண்டும். பறிபோகக் காத்திருக்கும் பத்தாயிரத்தை நான் கிலோவில் போட்டுப் பார்த்தேன். பதினாறாயிரத்து அறுநூற்றுச் சொச்சம் கிலோ கொழுந்து. அதற்கு மேல் கணக்குப் போட மனம் வரவில்லை.

கிராஜுவிட்டிக்கு எங்கள் எஸ்டேட்டில் ஒரு வழக்கம். லயத்து அறையைக் காலி செய்து சாவியை ஆபீஸில் ஒப்படைத்தால்தான் பணம். சட்டத்தில் அப்படி ஒன்றும் இல்லை, ஆனால் எல்லாத் தோட்டத்திலும் அதுதான் நடந்தது. நல்ல காலத்தில் அது தொந்தரவு இல்லை, காலையில் சாவி கொடுத்தால் மதியம் செக். தேயிலை விழுந்த பிறகு சாவி உடனே வாங்கப்பட்டது, செக் வரவில்லை. எல்லப்பன் என்று ஒருவர், தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டுவதில் கெட்டிக்காரர், முந்தின வருஷம் ரிடையர் ஆனார். நல்ல பிள்ளையாகச் சாவியைக் கொடுத்தார். ஒன்பது மாதமாகப் பணம் இல்லை, வீடும் இல்லை. மகன் வீட்டு அடுப்படியில் கோணியை விரித்துப் படுக்கிறார். தினமும் காலையில் ஆபீஸ் வாசலில் வந்து நிற்பார். அவரிடம் சாவியை வாங்கிப் பலகையில் மாட்டியவன் நான். அவரைப் பார்த்தால் ஏதாவது பேப்பரைத் தேடுவதுபோலக் குனிந்துகொள்வேன்.

அதனால் லயத்தில் யாரும் சாவி கொடுப்பதில்லை. ஆபீஸும் பணம் கொடுப்பதில்லை. இரண்டு பக்கமும் பிடிவாதம். காலக்கெடு இல்லாதவர்கள் அப்படியே இருந்துகொள்ளலாம். அக்காவுக்குக் காலக்கெடு இருந்தது. சாவியைக் கொடுத்தால் எல்லப்பன் கதி. கொடுக்காவிட்டால் அட்வான்ஸும் வீடும் சேர்ந்து போகும்.

செப்டம்பர் முப்பது வந்தது, ரிடையர் ஆனார். ஒரு சால்வை போட்டோம். அக்டோபர் ஐந்து ஆயிற்று. எட்டு ஆயிற்று. அவருடைய கிராஜுவிட்டி வவுச்சரில் எஸ்டேட் மேனேஜரான துரை கையெழுத்துப் போட்டு, 'சாவி பெற்றபின்' என்று ஓரத்தில் எழுதி, லூயிஸ் மேசையில் கிடந்தது.

ஒன்பதாம் தேதி, நான் டீக்கடைக்குப் போகிற வழியில் அக்கா நின்றுகொண்டிருந்தார். உதவி கேட்பார், லூயிஸிடம் சொல்லச் சொல்வார் என்று நினைத்தேன். என்ன சாக்குச் சொல்லலாம் என்றுகூட யோசித்துவிட்டேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"பேங்குல காசு என்னைக்கி இருக்கும்? நாளு மட்டும் சொல்லுங்க, போதும்."

அது ஆபீஸ் ரகசியம். ஏலத்தில் விற்ற தூளுக்கு இரண்டு வாரம் கழித்து வெள்ளிக்கிழமை காலையில் பணம் பேங்கில் விழும். மத்தியானத்துக்குள் விறகுக்காரனும் கரண்ட் பில்லும் அதை நக்கி எடுத்துவிடும். அந்த மூன்று மணி நேரம் தவிர மற்ற நேரத்தில் கரும்பாறை எஸ்டேட் செக்கும் பழைய நோட்டீஸும் ஒன்று. வெளியே தெரிந்தால் என் வேலை போகும். எனக்கு அப்போது கல்யாணமாகி ஒன்றரை வருஷம், மனைவி ஸ்ரீமதி ஆறு மாதக் கர்ப்பம். எல்லப்பன் ஞாபகம் வந்தது. வெள்ளிக்கிழமை என்றேன். வெள்ளிக்கிழமை பன்னிரண்டாம் தேதி. கெடுவின் கடைசி நாள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். வியாழக்கிழமை லூயிஸ் ஏலத்துக்குக் குன்னூர் போயிருந்தார். செக் புத்தகம் என் பொறுப்பு. கையெழுத்தான வவுச்சரைப் பார்த்துக் கருப்பம்மா பேருக்கு முப்பத்திரண்டாயிரத்து நானூறுக்குச் செக் எழுதினேன். அதில் தப்பில்லை, என் வேலைதான். லூயிஸ் எந்தச் செக் எழுதினாலும் இடது மூலையில் சாய்வாக இரண்டு கோடு போடுவார். கோடு போட்டால் கணக்கில் கட்டித்தான் பணம் எடுக்க முடியும், ஒரு வாரம் ஆகும். கோடு இல்லாவிட்டால் கவுண்டரில் நீட்டியதும் பணம். பேனாவைத் திறந்தேன். அந்தக் கோட்டைப் போடவில்லை. மூடி வைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணிக்குப் பிரட்டுக்களத்தில் ஆள் எடுப்பு. எல்லோரும் கூடையோடு வரிசையில் நின்று பேர் சொல்லி மலைக்குப் போகிற இடம். அன்று களத்தின் நடுவில் ஒரு தகரப் பெட்டி, சுருட்டிய பாய், அம்மிக்கல், மண்ணெண்ணெய் அடுப்பு, துணியில் சுற்றிய மாரியம்மன் படம். பக்கத்தில் கருப்பம்மாக்கா, சலவைச் சேலையில், வலது கையை மூடியபடி நின்றார். துரையின் ஜீப் வந்து நின்றது.

துரை சின்ன வயதுக்காரர், கோபம் மூக்கின் மேல். இது ஆபீஸில் பேசுகிற விஷயம், சாவியைக் கொடுத்துவிட்டுப் போ, செக் பிறகு வரும் என்றார். அக்கா குரலை உயர்த்தவில்லை.

"காம்பரா காலிங்க தொரை. கூட்டிப் பெருக்கியாச்சு. சாவி இந்தா இருக்கு. ஒங்க கை இங்கிட்டு வரட்டும், என் கை அங்கிட்டு வரட்டும். ரெண்டும் ஒண்ணா நடக்கட்டும்."

கங்காணி பேர் கூப்பிட ஆரம்பித்தார். ஒவ்வொருவராக ஆஜர் சொன்னார்கள். சொன்னவர்கள் மலைக்குப் போக வேண்டும். யாரும் நகரவில்லை. கோஷம் இல்லை, கொடி இல்லை, கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டு எண்பது பேர் அப்படியே நின்றார்கள். கொழுந்து லாரி உறுமிக்கொண்டிருந்தது. அன்றைக்குத்தான் பேக்டரியில் அடுப்பு மூட்டியிருந்தார்கள்; கொழுந்து வராவிட்டால் விறகு வீண், விறகு எவ்வளவு கடனில் வந்தது என்று துரைக்கும் தெரியும் எனக்கும் தெரியும். கூட்டத்தின் ஓரத்தில் எல்லப்பன் நின்றார். துரையின் கண் அவர் மேல் போய் நின்றதைப் பார்த்தேன்.

"செக் ரெடியா?" என்றார் என்னிடம்.

பைலிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ஜீப்பின் பானெட்டில் வைத்துப் பேனாவைத் திறந்தார். திறந்தவர் நின்றார். மூலையைப் பார்த்தார். கோடு போடவில்லையா என்று கேட்டார். பைலை மூடிக்கொண்டே சொன்னேன்.

"அவிங்களுக்கு பேங்கில கணக்கு இல்லீங்க சார். போஸ்டாபீஸ் மட்டும்தானுங்க."

அது உண்மைதான். உண்மையைச் சொல்லும்போதும் பயம் வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கையெழுத்துப் போட்டார். செக்கை நீட்டினார். அக்கா இடது கையால் செக்கின் ஓரத்தைப் பிடித்த பிறகுதான் வலது கையைத் திறந்தார். சாவி உள்ளங்கையில் பதிந்து சிவந்திருந்தது.

சாமான் வண்டி பின்னால் வரட்டும் என்று அக்கா எட்டேகால் பஸ்ஸைப் பிடித்தார். வெள்ளிதோறும் பேங்குக்குப் போவது என் வேலை என்பதால் நானும் அதே பஸ்ஸில் ஏறினேன், நாலு சீட் தள்ளி. பத்து மணிக்கு பேங்க் திறந்தது. கணக்கில் மூவாயிரம் மட்டும் இருந்தது. ஏலப் பணம் இன்னும் விழவில்லை. அதைவிட மோசம், பெஞ்சில் எங்களுக்கு முன்னால் நாச்சிமுத்து உட்கார்ந்திருந்தார். விறகுக் கான்ட்ராக்டரின் ஆள். கையில் எங்கள் செக், நாற்பத்தோராயிரத்துக்கு. அன்று வர வேண்டிய ஏலப் பணம் அறுபதாயிரம். இரண்டு செக்கும் அதில் அடங்காது. யார் முந்துகிறார்களோ அவர்களுக்குத்தான்.

அக்காவிடம் இதைச் சொல்லவில்லை. ஆனால் என் முகத்தைப் படித்துவிட்டார் என்று நினைக்கிறேன். கவுண்டருக்கு நேர் எதிரே பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தவர் அசையவில்லை. பதினொன்று ஆயிற்று. பதினொன்றேகால். நாச்சிமுத்து கொட்டாவி விட்டார், பேப்பரைத் திருப்பினார், என்னிடம் விறகு விலை பற்றிப் பேசினார். தண்ணீர் குடிக்கிறீர்களா என்று அக்காவைக் கேட்டேன், தலையை மட்டும் ஆட்டினார். பதினொன்றரைக்கு நாச்சிமுத்து எழுந்தார். "ஒரு டீ குடிச்சுப் போட்டு வந்தர்றனுங்க தம்பி" என்று வெளியே போனார். அவர் திரும்பி வர எட்டு நிமிஷம் ஆயிற்று. ஐந்தாவது நிமிஷத்தில் ஏலப் பணம் விழுந்து, கவுண்டர் ஆள் கரும்பாறை என்று கூப்பிட்டார்.

அக்கா எழுந்ததை நான் பார்க்கவில்லை, கவுண்டரில் நிற்பதைத்தான் பார்த்தேன். டோக்கன் வாங்கினார். பணம் வாங்கினார். எச்சில் தொடாமல் ஒவ்வொரு நோட்டாக எண்ணினார். நாச்சிமுத்து வந்து செக்கை நீட்டி, பணம் போதாது என்று திருப்பி வாங்கியபோது என்னைத்தான் திட்டினார். பாவம், அவருக்கு அடுத்த வெள்ளி கிடைத்தது. தேயிலை மலையில் ஒரு டீயால் வேறு யாருக்கும் இவ்வளவு நஷ்டம் வந்திருக்காது.

ரிஜிஸ்தர் ஆபீஸில் மயில்சாமி வாட்சைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அந்த எழுபதாயிரத்து ஆளும் வந்திருந்தான், வெளியே மரத்தடியில் நின்றான். ஐம்பத்தையாயிரத்தைப் பார்த்ததும் மயில்சாமி ஒரு நொடி மரத்தடிப் பக்கம் திரும்பினார். பிறகு எண்ணி வாங்கிக்கொண்டார். பத்திரம் எழுதுகிறவர் வயது கேட்டபோது அக்கா என்னைப் பார்த்தார். ஐம்பத்தெட்டு என்றேன். பத்திரத்தில் அப்படித்தான் இருக்கிறது. சாயங்காலம் நாலு மணிக்கு அருவங்காட்டுச் சரிவில் கதவைத் திறந்து உள்ளே போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. எட்டிப் பார்த்தேன். காலி அறையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். நான் வெளியே வந்து குழாயடியில் நின்றேன்.

அடுத்த வருஷம் ஜூனில் கரும்பாறை மூடியது. அக்கா வயதைத் திருத்திச் சண்டை போட்டிருந்தால் வேலையும் போய், கிராஜுவிட்டியும் போய், கரண்ட் இல்லாத லயத்தில் கிடந்திருப்பார். எல்லப்பனுக்குப் பணம் வரவேயில்லை. கேஸ் நடந்துகொண்டிருந்தபோதே போய்விட்டார். எனக்கு ஏழு மாதச் சம்பளம் பாக்கி. குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லி எனக்கும் கடிதம் வந்தது. அதை டைப் அடித்தவர் லூயிஸ். கைக்குழந்தையோடு வாடகைக்கு வீடு தேடினேன். வேலை இல்லாதவனுக்கு யார் கொடுப்பார்கள்?

கருப்பம்மாக்கா கொடுத்தார். இரண்டு அறையில் முன் அறை எங்களுக்கு. வாடகை நானூறு, அட்வான்ஸ் இரண்டாயிரம். சலுகை ஒன்றும் இல்லை, ஒன்றாம் தேதி காலையில் வாசலில் வந்து நிற்பார். நான் பேங்க் வாசலில் பாரம் எழுதிக் கொடுத்துப் பிழைத்த நாலு வருஷமும் அப்படித்தான். அந்த வாடகையும் அதே பாஸ்புக்குக்குத்தான் போனது. வீட்டுக்கு ஓடு மாற்ற வேண்டுமாம்.

2006-இல் கோயம்புத்தூரில் ஒரு மில்லில் வேலை கிடைத்தது. சாமானை வண்டியில் ஏற்றிவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு அக்காவிடம் போனேன். பழக்க தோஷம், அட்வான்ஸைப் பற்றிப் பேசாமல் முதலில் சாவியை நீட்டினேன். அவர் கையை நீட்டவில்லை.

"கையிலயே வச்சிருங்க கிளாக்கரய்யா. மொதல்ல காசு. அப்பறந்தான் சாவி."

இரண்டாயிரத்தை என் கையில் வைத்து எண்ணிப் பார்க்கச் சொன்னார். எண்ணினேன். சரியாக இருந்தது. அதற்குப் பிறகுதான் சாவியை வாங்கிக்கொண்டார்.